ஐந்து ரூபாய்க் காசில் இருக்கும் அமைச்சர்: சி. சுப்பிரமணியம் பற்றிக் கேட்ட தம்பிக்கு

இங்கே பர்மாவில் மோல்மீனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சென்னையிலிருந்து வந்த அத்தை கொடுத்த சில்லறையில் ஒரு இந்திய 5 ரூபாய்க் காசு இருந்ததாம். அதில் ஒருவர் முகம், சி. சுப்பிரமணியம், பிறந்த நூற்றாண்டு என்ற எழுத்து. காந்தி, நேரு தெரியும், இவர் யார் என்பது முதல் கேள்வி. உணவு மந்திரியாக இருந்து நாட்டின் பஞ்சத்தைத் தீர்த்தவர் என்றால் தேர்தலில் ஏன் தோற்றார் என்பது இரண்டாவது. தான் சாப்பிடும் பொன்னி அரிசி இவர் கொண்டுவந்தது என்று அத்தை சொல்வது சரிதானா என்பது மூன்றாவது.

மூன்றாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

எனக்கு இப்போது எழுபத்தைந்து வயது. அப்பாவுக்குப் பெகுவில் அரிசிக் கடை. பிறகு நான் நெல் மில்லில் கணக்கு எழுதிப் பிழைத்தவன். அதனால் இந்த மனிதரை நான் அரிசிக்காரன் கண்ணால்தான் பார்ப்பேன். அது ஒருபக்கச் சாய்வு என்றால், சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.

1910 ஜனவரி 30இல் பொள்ளாச்சிப் பக்கம் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்து, அப்புறம் சட்டம் முடித்தவர். திருப்பராய்த்துறைத் தபோவனத்தை நிறுவிய சுவாமி சித்பவானந்தர் இவருக்குச் சித்தப்பா முறை. காந்தி இயக்கத்தில் சேர்ந்து சிறை போனார், கோவையில் வக்கீல் தொழில் பார்த்தார், இந்திய அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்தார். அந்தக் காலத்துக் காங்கிரஸ்காரர் பலருக்கும் இதே வரலாறுதான் இருக்கும். ஆனால் இயற்பியல் படித்தவர் என்பதை மட்டும் நினைவில் வை. விஞ்ஞானி ஒருவர் வந்து பேசினால் மேசையில் கையூன்றிக் கேட்கிற அமைச்சர்கள் அன்றைக்கு அதிகம் இல்லை.

1952இல் ராஜாஜி சென்னை மாநில முதல்வரானபோது இவரிடம் நிதியும் உணவும் வந்தன. ராஜாஜிக்கு இவர் மேல் தனிப் பிரியம். 1953இல் கல்வித் துறையும் இவர் கைக்கு வந்தது. வந்த நேரம்தான் கெட்ட நேரம். பாதி நாள் பள்ளி, பாதி நாள் அப்பன் தொழில் என்ற ராஜாஜியின் திட்டத்தை, ஊரே ‘குலக்கல்வி’ என்று ஏசிக்கொண்டிருந்த திட்டத்தை, சபையில் எழுந்து நின்று காப்பாற்றிப் பேச வேண்டிய இடத்தில் இவர் இருந்தார். எதிர்ப்புத் தாங்காமல் 1954இல் ராஜாஜி விலகினார். அடுத்த தலைவர் யார் என்று காங்கிரஸ் சட்டமன்றக் கட்சியில் போட்டி வந்தது. ஒருபக்கம் காமராஜர். மறுபக்கம் ராஜாஜியின் ஆளாகச் சுப்பிரமணியம். காமராஜருக்கு 93, இவருக்கு 41.

இனிமேல்தான் விஷயம். ஜெயித்த காமராஜர், தோற்ற சுப்பிரமணியத்தையும் அவரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் தன் மந்திரிசபையிலேயே சேர்த்துக்கொண்டார். எட்டே பேர் கொண்ட சபை அது. அதே சுப்பிரமணியம்தான் கல்வி அமைச்சராக எழுந்து, குலக்கல்வித் திட்டம் கைவிடப்பட்டது என்று 1954 மே மாதம் அறிவித்தார். ஆறு மாதம் முன்பு தூக்கிப் பிடித்ததைத் தன் கையாலேயே இறக்கி வைத்தார். சிலர் இதைப் பச்சோந்தித்தனம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொள்கை முதல்வருடையது, நிர்வாகம் தன்னுடையது என்று பிரித்துப் பார்க்கிற வக்கீல் புத்தி அது. அந்தப் புத்தி அவருக்கு நல்லதும் செய்தது, கெட்டதும் செய்தது. 1975க்கு வரும்போது சொல்கிறேன்.

காமராஜர் ஆட்சியில் பள்ளிக்கூடங்கள் பெருகியதும், 1956 வாக்கில் மதிய உணவு வந்ததும் எல்லோருக்கும் தெரியும். பெயர் காமராஜருக்கு. அது நியாயம்தான். கணக்குப் போட்டுப் பணம் ஒதுக்கிய நிதி, கல்வி அமைச்சர் இவர் என்பதைச் சொல்வாரில்லை. 1962இல் பொள்ளாச்சியிலிருந்து மக்களவைக்குப் போனார். நேரு இவரை எஃகுத் துறைக்கு அமைச்சராக்கினார். அந்த இரண்டு வருஷத்தைப் பற்றி நான் நீட்டப் போவதில்லை.

1964க்கு வருவோம். அந்த வருஷம் எங்கள் வீட்டிலும் மறக்க முடியாத வருஷம்.

மார்ச் 19ஆம் தேதி பர்மாவின் நே வின் ராணுவ அரசு கடைகளை அரசுடைமை ஆக்கியது. மே 17ஆம் தேதி 50 கியாட், 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றது. எனக்குப் பதினான்கு வயது. அப்பா கடையில் அரிசி அளந்த கொண்டென்ஸ்டு பால் டின் இன்னும் என்னிடம் இருக்கிறது. எட்டு டின் ஒரு ப்யீ, பதினாறு ப்யீ ஒரு கூடை. இங்கே பிறந்தவனுக்கு வாய்ப்பாடுக்கு முன்னாலேயே இது வந்துவிடும். அந்த வருஷம் சித்தப்பா குடும்பம் கப்பல் ஏறியது. அப்பா, போனால் அங்கே என்ன இருக்கிறது என்று இங்கேயே தங்கிவிட்டார். அந்த ஐந்தாறு வருஷத்தில் பர்மாவை விட்டுப் போன இந்தியர்கள் 3 லட்சம் வரை என்று சொல்வார்கள். அதில் நம்ம ஆட்கள் கணிசம்.

மே மாதக் கடைசியில் நேரு இறந்தார். ஜூனில் சாஸ்திரி பிரதமரானார். உணவு, விவசாயத் துறையை எடுத்துக்கொள்ளப் பெரிய தலைகள் யாரும் ஆசைப்படவில்லை. அந்த நாற்காலியை அரசியல்வாதியின் சுடுகாடு என்றே டெல்லியில் பேசுவார்களாம். அதில் போய் உட்கார்ந்தவர் சுப்பிரமணியம். அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்த சுவரண் சிங் வெளியுறவு அமைச்சராகி, அந்தச் செப்டம்பரில் ரங்கூனுக்கு வந்து, இங்கிருந்து போக வேண்டியிருந்த நம்மவர்கள் விஷயமாக நே வின் அரசோடு பேசினார். எனக்கு இந்த இரண்டும் எப்போதும் சேர்ந்தே நினைவுக்கு வரும். பழைய உணவு மந்திரி எங்களை ஏற்றிப் போக வழி பேசுகிறார். புதிய உணவு மந்திரி நாங்கள் போய் இறங்கப் போகிற ஊரில் சோற்றுக்கு வழி தேடுகிறார்.

சோற்றுக்கு வழி இல்லாமல் போனதில் பர்மாவுக்கும் பங்கு உண்டு. யுத்தத்துக்கு முன்னால் இந்த நாடு வருஷத்துக்கு 30 லட்சம் டன் அரிசி வெளியே அனுப்பியது. சென்னையும் கல்கத்தாவும் கொழும்பும் ரங்கூன் அரிசிக்குப் பழகிய ஊர்கள். ஐராவதி டெல்டாவில் அந்த நெல்லை விளைவிக்கக் கடன் கொடுத்தது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். மூட்டை தூக்கியதும் மில்லில் நின்றதும் ராமநாதபுரத்துக்காரனும் தஞ்சாவூர்க்காரனும் தெலுங்குக்காரனும். 1942இல் ஜப்பான்காரன் வந்ததும் அந்தக் கப்பல் நின்றது. அடுத்த வருஷம் வங்காளத்தில் பஞ்சம் வந்ததற்குச் சொல்லும் காரணங்களில் அதுவும் ஒன்று. சுதந்திரத்துக்குப் பிறகும் இந்தியா இங்கே அரிசி வாங்கத்தான் செய்தது. 1954இல் மட்டும் 9 லட்சம் டன்னுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். ஆனால் 1960களில் பர்மாவின் ஏற்றுமதி சரிந்துகொண்டே போய், 1967 வாக்கில் 10 லட்சம் டன்னுக்கும் கீழே விழுந்தது. இந்தியா அமெரிக்கக் கோதுமையை நம்பி உட்கார வேண்டியதாயிற்று. அந்தக் கோதுமையை அனுப்பிய அமெரிக்கச் சட்டத்தின் பெயரால் பி.எல். 480 என்று சொல்வார்கள். கப்பல் வந்தால் சாப்பாடு.

சித்தப்பா மெட்ராஸிலிருந்து எழுதிய முதல் கடிதங்களில் ஒன்றை அப்பா திரும்பத் திரும்பப் படித்துச் சிரித்தார். அரிசிக்கு வரிசையில் நின்றால் கோதுமை கொடுக்கிறார்களாம். சித்தி அதை இடித்துப் புட்டு அவித்தாளாம், பிள்ளைகள் எழுந்து போய்விட்டார்களாம். பெகுவில் பிறந்த பிள்ளைகள், வேறெப்படி இருக்கும்? சிரித்து முடித்ததும் அப்பா அந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை.

சரி, சுப்பிரமணியம் என்ன செய்தார்? அவருக்கு முன்னால் இருந்தவர்களுக்குத் தெரியாத ரகசியம் எதுவும் அவருக்குத் தெரிந்துவிடவில்லை. அவர் எடுத்துக்கொண்டது ஒரு எளிய கருத்து. உழுகிறவனுக்கு விலை கட்டுப்படியாக வேண்டும். ஆனால் அன்றைக்கு டெல்லியில் பெரும்பாலோர் நினைத்தது நேர்மாறு: தானிய விலையை அமுக்கி வைத்தால்தான் தொழிற்சாலைத் தொழிலாளி வயிறு நிறையும், ஐந்தாண்டுத் திட்டம் ஓடும். நிதி அமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி அந்தக் கட்சி. விலையை ஏற்றாதே, உரத்துக்கு அந்நியச் செலாவணி கேட்காதே என்பது அவர் பக்கம். இருவரும் தமிழ்நாட்டுக்காரர்கள். ஒருவர் மயிலாப்பூர், ஒருவர் பொள்ளாச்சி. நெல் எங்கே விளைகிறது, எங்கே வேகிறது என்பதுதான் வித்தியாசம் என்று எனக்குத் தோன்றும். (மயிலாப்பூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

சுப்பிரமணியம் விடவில்லை. எல்.கே. ஜா என்ற மூத்த அதிகாரி தலைமையில் ஒரு குழு போட்டு விலையை ஆராயச் சொன்னார். 1965 ஜனவரியில் விவசாய விலைக் குழு வந்தது. என்ன விளைந்தாலும் இந்த விலைக்குக் குறையாமல் அரசு வாங்கிக்கொள்ளும் என்று சொல்ல ஒரு ஏற்பாடு. அதே மாதம் 14ஆம் தேதி, பொங்கலன்று, இந்திய உணவுக் கழகம் தொடங்கியது. அன்று தலைமை அலுவலகம் சென்னையில், முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். வாங்குவதற்கு ஒரு கை வேண்டும், சேர்த்து வைக்க ஒரு கிடங்கு வேண்டும், அதைத்தான் இந்தக் கழகம் செய்தது.

இங்கே நிறுத்தி, அந்த நேரம் நம்ம பர்மாவில் நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பார். இங்கேயும் அரசுதான் நெல் வாங்கியது. சொல்லப்போனால் அரசு மட்டும்தான் வாங்கலாம். 100 கூடைக்கு இவ்வளவு என்று விலை, அந்த விலை வருஷக்கணக்கில் அசையவே இல்லை. உழவனுக்குக் கட்டவில்லை. அவன் என்ன செய்வான்? ஈர நெல்லைக் கொட்டுவான், பதரைக் கலப்பான், நல்லதை வீட்டுக்குள் ஒளிப்பான், அடுத்த வருஷம் குறைவாக நடுவான். நான் மில்லில் சேர்ந்த பிறகு கண்ணால் பார்த்தது இது. கூடைக்குள் கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் ஊதினால் பாதி பறந்துவிடும். 46 ராத்தல் இருக்க வேண்டிய கூடை நெல், தராசில் வேறு கதை சொல்லும். திருடன் என்று அவனைத் திட்டுவார்கள். அவன் கொடுத்த விலைக்கு ஏற்ற நெல்லைக் கொடுத்தான், அவ்வளவுதான். 1967இல் ரங்கூனிலேயே அரிசித் தட்டுப்பாடு. உலகத்துக்கே அரிசி போட்ட ஊரில் அரிசிக்கு வரிசை. மேற்குக் கரையில் அக்யாப்பில் அந்த ஆகஸ்டில் அரிசிக்காகக் கலவரமே நடந்து துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்தார்கள்.

ஒரே சமயத்தில் இரண்டு நாடுகள், இரண்டு முடிவுகள். சுப்பிரமணியத்தை நான் பெரியவர் என்று சொல்வது இதற்காகத்தான். கோதுமை விதைக்காக அல்ல.

விதைக் கதையும் சொல்லாவிட்டால் தம்பி விடமாட்டார். நார்மன் போர்லாக் என்ற அமெரிக்கர் மெக்சிகோவில் குட்டைக் கோதுமை வளர்த்தார். உரம் போட்டாலும் சாயாத ரகம். நம் பழைய ரகத்துக்கு உரம் போட்டால் கதிர் கனத்துத் தண்டு படுத்துவிடும். எம்.எஸ். சுவாமிநாதன் இதை இந்தியாவுக்கு வரவழைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். ஆராய்ச்சி நிலையத்துப் பாத்தியில் இருந்ததை உழவன் வயலுக்குக் கொண்டுபோனதுதான் அமைச்சரின் வேலை. வேளாண் செயலாளராக பி. சிவராமன் என்ற கெட்டிக்கார அதிகாரியைப் பிடித்துப் போட்டார். உழவர்கள் வயலிலேயே செயல்விளக்கப் பாத்திகள் போடச் செய்தார். டெல்லியில் தனக்குக் கொடுத்த பங்களாவின் புல்தரையை உழுது அதிலும் அந்தக் கோதுமையை விதைத்தார். மந்திரி வீட்டுக்கு வருகிறவன் தோட்டத்தில் ரோஜாவைத்தான் எதிர்பார்ப்பான். இவர் வீட்டில் கோதுமை நின்றது. விளம்பரம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விளையாவிட்டால் மானம் போகிற விளம்பரம்.

1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதை கப்பலில் வந்தது. அதுவரை எந்த நாடும் அவ்வளவு விதையை ஒரே தடவையில் வாங்கியதில்லை என்பார்கள். இடதுசாரிகள் அமெரிக்காவுக்கு அடிமை சாசனம் என்றார்கள். திட்டக் குழுவில் பலர் நம்பவில்லை. இந்த நேரத்தில் 1965, 1966 இரண்டு வருஷமும் மழை பொய்த்தது. 8 கோடியே 90 லட்சம் டன் விளைந்த நாட்டில் அடுத்த பருவம் 7 கோடியே 20 லட்சம்தான். 1966இல் ஒரு கோடி டன் தானியம் இறக்குமதி. அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் மாதத்துக்கு மாதம் கணக்குப் பார்த்துக் கப்பலை விட்டார். இந்தியா வியட்நாம் விஷயத்தில் பேசியது அவருக்குப் பிடிக்கவில்லை. 1965 நவம்பரில் சுப்பிரமணியம் ரோமில் அமெரிக்க விவசாய அமைச்சர் ஃப்ரீமனோடு உட்கார்ந்து ஒரு ஒப்பந்தம் போட்டார். வெளியே சொல்லாமல் வைத்திருந்தார்கள். விவசாயத்துக்குக் கூடுதல் பணம், உரம், விலை என்று இந்தியா செய்ய வேண்டியவை அதில் இருந்தன. மானம் போச்சு என்று பின்னால் பலர் எழுதினார்கள். அதில் இருந்ததெல்லாம் அவர் மந்திரிசபையில் ஒரு வருஷமாகக் கேட்டுக் கிடைக்காதவை. அமெரிக்காக்காரன் வாயால் கேட்கவைத்து வாங்கிக்கொண்டார் என்றுதான் நான் படிப்பேன்.

இதற்கு நடுவில் 1965 பிப்ரவரி. ஜனவரி 26 முதல் இந்திதான் முதன்மை ஆட்சிமொழி என்ற நிலை வந்ததும் தமிழ்நாடு பற்றி எரிந்தது. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், தீக்குளித்தார்கள், துப்பாக்கிச் சூடு நடந்தது. பிப்ரவரி 11ஆம் தேதி சுப்பிரமணியமும், டெல்லியில் இருந்த இன்னொரு தமிழ் மந்திரி ஓ.வி. அழகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். சாஸ்திரி அதை ஜனாதிபதிக்கு அனுப்ப, ராதாகிருஷ்ணன் ஏற்க மறுத்தார். அன்று இரவு சாஸ்திரி வானொலியில் பேசினார். இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும்வரை ஆங்கிலமும் இருக்கும் என்று நேரு கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவோம் என்றார். இருவரும் கடிதத்தைத் திரும்பப் பெற்றார்கள். இது நாடகம் என்று தி.மு.க.காரர்கள் சொன்னார்கள். நாடகமாக இருந்தாலும் டெல்லியில் கேட்டது அந்தச் சத்தம்தானே. அந்த வருஷங்களில்தான் இங்கே பர்மாவில் பள்ளிகள் அரசுடைமை ஆயின, தமிழ்ப் பத்திரிகைகள் நின்றுபோயின. நமக்காகக் கடிதம் கொடுக்க மந்திரி யாரும் இல்லை. அதனால் எனக்கு அந்தச் சம்பவம் கொஞ்சம் பொறாமையோடுதான் நினைவுக்கு வரும்.

இப்போது தம்பியின் இரண்டாவது கேள்வி. 1967 தேர்தலில் தோற்றார், அதுவும் கொங்கு நாட்டிலேயே. ஏன்? இவர் உணவு மந்திரியாக இருந்த இரண்டரை வருஷமும் ஜனங்கள் கண்டது தட்டுப்பாடு, வரிசை, அமெரிக்கக் கோதுமை. விதை இப்போதுதான் மண்ணுக்குள் போயிருக்கிறது. தி.மு.க. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றது. பசித்தவனிடம் போய், பொறு, அடுத்த வருஷம் பஞ்சாபில் கோதுமை விளையும் என்றால் ஓட்டுப் போடுவானா? இந்தி எதிர்ப்புக் கோபம் வேறு. காமராஜரே விருதுநகரில் ஒரு மாணவரிடம் தோற்ற தேர்தல் அது. ஜெயித்த பிறகு மூன்று படி கொடுக்க முடியவில்லை, சென்னையிலும் கோவையிலும் ஒரு படி கொடுத்தார்கள் என்பது வேறு விஷயம். இன்னொன்றும் உண்டு. சுப்பிரமணியம் கூட்டத்தைக் கட்டிப்போடுகிற பேச்சாளர் இல்லை. கோப்பு பேசினால் ஜெயிப்பார், மேடை பேசினால் தோற்பார்.

1968இல் இந்தியாவில் 1 கோடியே 70 லட்சம் டன் கோதுமை விளைந்தது. அதற்கு முன் அதிகபட்சம் 1 கோடியே 23 லட்சம். பஞ்சாபில் கிடங்கு போதாமல் பள்ளிக்கூடங்களை மூடி மூட்டை அடுக்கினார்கள். இந்திரா காந்தி கோதுமைப் புரட்சி என்று தபால் தலை வெளியிட்டார். அப்போது உணவு அமைச்சர் ஜெகஜீவன்ராம். விதைத்தவர் அப்போது எம்.பி.யாகக்கூட இல்லை.

நல்லதை மட்டும் சொல்லிவிட்டால் அது பதில் ஆகாது. உரமும் தண்ணீரும் வாங்க முடிந்தவனுக்குத்தான் இந்தப் புரட்சி முதலில் போய்ச் சேர்ந்தது. பஞ்சாபின் நிலத்தடி நீர் இறங்கியது இன்றுவரை பிரச்சினை. தஞ்சையில் புது நெல் வந்து மிராசுதாருக்கு மகசூல் கூடியது. கூலி கூட்டிக் கேட்டவர்களுக்கும் மிராசுதார்களுக்கும் பகை முற்றி, 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அமைச்சர் மேல் அந்தப் பழியைப் போட முடியாது. ஆனால் நெல் கூடினால் பங்கு யாருக்கு என்ற கேள்வியை அவர் திட்டம் கேட்கவே இல்லை.

மிச்ச வாழ்க்கையை வேகமாகச் சொல்லிவிடலாம். 1969இல் காங்கிரஸ் உடைந்தபோது இந்திரா பக்கம் நின்று, கொஞ்ச காலம் அந்தக் கட்சிக்கு இடைக்காலத் தலைவராகவும் இருந்தார். 1971இல் கிருஷ்ணகிரியில் ஜெயித்து மறுபடி மந்திரி. திட்டம், தொழில் வளர்ச்சி என்று போய், 1974 அக்டோபரில் நிதி அமைச்சர் ஆனார். விலைவாசி தலைக்கு மேல் ஏறியிருந்த நேரம். அதைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். 1975 அக்டோபர் 2ஆம் தேதி முதல் கிராம வங்கிகள் தொடங்கியது இவர் காலத்தில்தான். செட்டியார் கடனில் நிலம் போன டெல்டா கிராமங்களைக் கேட்டு வளர்ந்த எனக்கு, கிராமத்தானுக்கு ஒரு வங்கி என்பது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் அதே 1975இல் ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை வந்தது. தலைவர்கள் சிறைக்குப் போனார்கள், பத்திரிகைகள் வாய் மூடின. சுப்பிரமணியம் கடைசிவரை நிதி அமைச்சராகவே இருந்தார். பத்து வருஷம் முன்பு மொழிக்காகப் பதவியைத் தூக்கி எறியத் துணிந்த கை, இப்போது கடிதம் எழுதவில்லை. கொள்கை பிரதமருடையது, நிர்வாகம் என்னுடையது என்ற அந்தப் பழைய புத்திதான் என்று நினைக்கிறேன். ராணுவ ஆட்சிக்குக் கீழே வாழ்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், கெட்டிக்கார நிர்வாகிகள் இப்படி அமைதியாக வேலை பார்த்துக்கொண்டிருப்பதால்தான் அந்த மாதிரி ஆட்சிகள் ஓடுகின்றன. அவர் மேல் எனக்கு இருக்கும் மரியாதையில் இந்த இடத்தில் மட்டும் ஒரு ஓட்டை.

1977இல் நாடு முழுக்கக் காங்கிரஸ் விழுந்தபோது பழனியில் ஜெயித்தார். அப்புறம் இந்திராவை விட்டு விலகினார். 1979இல் சரண்சிங் மந்திரிசபையில் பாதுகாப்பு அமைச்சர். அந்த ஆட்சியே சில மாதம்தான். 1990இல் மகாராஷ்டிர ஆளுநர். 1993 ஜனவரியில், பிரதமர் நரசிம்ம ராவ் நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றித் தனிப் பேச்சில் சொன்னது பத்திரிகையில் வந்துவிட, விலகிவிட்டார். எண்பத்திரண்டு வயதில் வாயால் பதவி போனது. 1975இல் வராத வாய். 1998இல் பாரத ரத்னா கொடுத்தார்கள். 2000 நவம்பர் 7இல் சென்னையில் காலமானார். உன் கையில் இருக்கும் காசு 2010 நூற்றாண்டுக்கு அடித்தது. அதைச் செலவழித்துவிடாதே, இங்கே அதற்கு ஒரு டீ கூடக் கிடைக்காது.

இனி பொன்னி. அத்தை சொல்வது சரி இல்லை, ஆனால் முழுக்கத் தப்பும் இல்லை.

1950களில் ஒடிசாவில் கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையத்தில், ஐ.நா. உணவு விவசாய அமைப்பின் திட்டத்தில், நம் பக்கத்து நெல்லையும் ஜப்பான் பக்கத்து நெல்லையும் ஒட்டுச் சேர்த்தார்கள். ஜப்பான் நெல் உரத்தைத் தாங்கும், நம் நெல் நம் வெயிலையும் நம் நாக்கையும் தாங்கும். அந்த முயற்சியில் பிறந்த ஒன்று ஏ.டி.டி. 27. தஞ்சைப் பக்கம் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் தேர்ந்தெடுத்தது. ஜப்பானின் நோரின் 10 ஒருபக்கம், கோவையின் ஜி.ஈ.பி. 24 மறுபக்கம். சுப்பிரமணியம் உணவு அமைச்சராக இருந்த காலத்தில் தஞ்சைக் குறுவை வயல்களில் பரவியது இதுதான். மூன்றரை மாதத்தில் அறுவடை. பிறகு பிலிப்பைன்ஸிலிருந்து ஐ.ஆர். 8 என்ற குட்டை நெல் வந்து அதைத் தள்ளியது. சோறு கொஞ்சம் முரடு, வயிறு நிறையும்.

அதே கட்டாக் திட்டத்தில் இன்னொரு ஒட்டு மலாயாவுக்குப் போய் மாசூரி என்ற பெயரில் 1965இல் வெளிவந்தது. நைசான அரிசி. அது திரும்ப இந்தியாவுக்கு வந்து, அதிலிருந்து பொறுக்கி எடுத்ததுதான் அத்தையின் வெள்ளைப் பொன்னி. அது தமிழ்நாட்டு உழவன் கைக்கு வந்தது 1980களில். அப்போது சுப்பிரமணியம் எந்தப் பதவியிலும் இல்லை. ஆக அவர் கொண்டுவந்தது இல்லை. ஆனால் புது ரகம் வந்தால் நடலாம், விளைந்தால் விலை கிடைக்கும் என்று தமிழ்நாட்டு உழவன் நம்பத் தொடங்கியது அவர் போட்ட ஏற்பாட்டுக்குப் பிறகுதான்.

இன்னொரு விஷயம், இதை அத்தையிடம் கண்டிப்பாகச் சொல். மாசூரி பர்மாவுக்கும் வந்தது. இங்கே 1970களின் பிற்பகுதியில்தான் அரசு புது ரகங்களை டவுன்ஷிப் டவுன்ஷிப்பாகப் பரப்பியது. மாசூரியின் வழியில் வந்ததுதான் நீ தினமும் சாப்பிடுகிற மனோதுக்கா அரிசி. சித்தப்பாவின் பேரன் போன வருஷம் ரங்கூன் வந்தபோது எங்கள் வீட்டில் மனோதுக்கா வடித்துச் சாம்பார் ஊற்றினாள் என் மருமகள். இரண்டாம் தடவை சோறு வாங்கும்போது, இங்கே எங்கே பெரியப்பா பொன்னி கிடைக்கிறது என்று கேட்டான்.